தண்ணீரில் நின்ற காக்கிச் சட்டைக்காரர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான், அது உங்களுக்கே தெரியும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், உயிர் போனவர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு எத்தனையோ தூரம் வண்டி ஓட்டியிருக்கிறேன், பிணவறை வாசலில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டிருக்கிறேன், எவரும் எழுந்து வந்து என்னிடம் ஒரு துண்டு கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் இதை எழுதுகிறேன். காவ்யா, நீ பிசிக்ஸ் படிக்கிறவள், இதற்கு ஏதாவது காரணம் சொல்லுவாய், சொல்லம்மா, எனக்கும் அதுதான் வேண்டும். தம்பி, நீ மாடியில் அறுந்து தொங்கின ஒயரைக் குடைக்கம்பியால் இழுத்துப் பார்த்தாயே, அதைப் பார்த்த பிறகுதான் எழுதவே உட்கார்ந்தேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புயல் கரையைக் கடந்த மறுநாள் மத்தியானம். மத்தியானம் என்றுதான் பேர், வானம் சாயங்காலம் மாதிரி கறுத்துக் கிடந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் நெசவு செய்கிற பெரியவர் ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது என்று அழைப்பு வந்து, நானும் ஸ்டெல்லா அத்தையும் கிளம்பினோம். கிறிஸ்துமஸுக்கு நமக்குக் கேக் கொண்டுவருகிற அதே ஸ்டெல்லாதான், வண்டியில் நோயாளிக்கு முதலுதவி செய்வது அவள் வேலை, அப்போது வேலைக்குப் புதுசு.

தெருவுக்குள் திரும்பினதுமே பிரேக் போட்டேன். கம்பத்திலிருந்து மின்கம்பி அறுந்து, தெருவை அடைத்து நின்ற மழைத்தண்ணீரில் ஒரு முனை கிடந்தது. பொறி இல்லை, சத்தம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே, கரண்ட் இருக்கிற கம்பியும் இல்லாத கம்பியும் பார்வைக்கு ஒன்றுதான். பெரியவரின் வீடு அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளை, பாவு என்பார்கள், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள், வண்டி ஏதாவது வந்தால் இரண்டு பேர் நுனி பிளந்த கவைக்கோலால் இழைகளைத் தூக்கிப் பிடிப்பார்கள், வண்டி அடியில் நுழைந்து போய்விடும். அன்றைக்கும் வண்டியைப் பார்த்த உடனே தனபால் என்கிற நெசவாளியும் இன்னொருவரும் அதே கோல்களை எடுத்துக்கொண்டு கம்பியைத் தூக்கப் புறப்பட்டுவிட்டார்கள். கோல் இரண்டும் மழையில் நனைந்து சொட்டுகின்றன. தொண்டை கிழியக் கத்தினேன்.

"யோவ், கிட்ட போவாத! பின்னாடி வா!"

"இன்னாபா இப்டி பயப்படுற?" என்று சிரித்தார் தனபால். "பட்டு இழை அறாம தூக்குற கை இது. இந்தக் கம்பியத் தூக்காதா?"

"பட்டு உன்ன சுடாதுபா. ஈரக் கோல்ல கரண்ட் ஏறும். அந்தத் தண்ணியில காலே வெக்காத. இங்க யாராவது ஜெனரேட்டர் வெச்சிக்கினு இருக்காங்களா?"

அடுத்த தெருவில் ஒரு சாயப்பட்டறையில் இருக்கிறது என்றார். தெருவில் கரண்டை நிறுத்தினாலும், சரியாக இணைக்காத ஜெனரேட்டரை எவராவது போட்டால், அந்தக் கரண்ட் கம்பி வழியாகத் திரும்பி வந்துவிடும். அதனால் தனபாலை, ஓடிப்போய் நாங்கள் தாண்டுகிறவரைக்கும் ஜெனரேட்டரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அப்படியே பெரியவர் வீட்டுக்குப் பின்வழி இருக்கிறதா என்றும் பார்த்துவரச் சொன்னேன். இன்னொருவரைத் தெருமுனையில் நிறுத்தி யாரையும் உள்ளே விடாதே என்றேன். தண்ணீர்ப் பக்கம் நானும் ஸ்டெல்லாவும் மட்டும்தான்.

அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள். காக்கிச் சட்டை, இடுப்பில் கட்டிங் பிளேயர், தண்ணீருக்கு நடுவில், கம்பி முனைக்குப் பக்கத்திலேயே, கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்தார். எந்த வாசலிலிருந்து வந்தார் என்று நான் பார்க்கவில்லை.

"லைன் ஆப் பண்ணியாச்சு. வாங்க," என்றார்.

எனக்கு என்னவோ ஒட்டவில்லை. லைன்மேன் என்றால் கையுறை எங்கே? பேய் என்றெல்லாம் நினைக்கவில்லை, குடித்துவிட்டு நிற்கிற எவனோ என்றுதான் நினைத்தேன்.

"எந்த ஆபீஸ் சார் நீங்க?"

"நேரம் ஆவுது. வாங்க."

ஸ்டெல்லா ஆக்சிஜன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அண்ணா, அவரே தண்ணியில நிக்கிறாரு. அவருக்கு ஒண்ணும் ஆவல. அங்க ஒருத்தர் மூச்சு வுட முடியாம கெடக்குறாரு, நாம இங்க நின்னு பேசிக்கினு இருக்கோம்."

அவள் சொன்னதில் தப்பு எங்கே? அதுதான் என்னைக் குழப்பியது. இருந்தாலும் அவள் பை வாரைப் பிடித்துக்கொண்டே மின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மழைச் சத்தத்தில் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். லைனை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் எங்கள் ஆள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை, அவர் வந்து சோதித்துச் சொல்கிறவரை எவரும் இறங்க வேண்டாம் என்றார்கள்.

நான் போனைக் கீழே இறக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அந்த ஆள் சொன்னார்.

"ஆள் வர்ற வரைக்கும் அந்தப் பெரியவரு தாங்க மாட்டாரு. அந்தப் பொண்ணயாவது அனுப்பு."

போனில் பேசினது எனக்கே காதோடு ஒட்டி வைத்துத்தான் கேட்டது. அவருக்கு எப்படிக் கேட்டது? நான் அதை யோசிப்பதற்குள் ஸ்டெல்லா என் கையை உதறிவிட்டு நடந்தாள். எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் வண்டியில் வந்து முட்டிக்கொண்டோம். அவள் கால் தண்ணீரின் ஓரத்தைத் தொட்டதா, தொடவில்லையா, எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. அந்த நொடியில் கம்பி துள்ளியது. நீலமாக ஒரு வெளிச்சம், படபடவென்று சத்தம், தண்ணீர் ஓரிடத்தில் கொதித்தது.

அந்த ஆள் அதன் நடுவில் நின்றுகொண்டுதான் இருந்தார். அசையவில்லை. முகத்தில் பயம் இல்லை, வலி இல்லை. கைக்கு வந்த வியாபாரம் கலைந்துபோனால் கடைக்காரர் பார்ப்பாரே, அப்படி ஒரு சலிப்போடு என்னைப் பார்த்தார். வெளிச்சம் அடங்கினபோது அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

தனபால் ஓடிவந்தார். "பின்வழி தொறந்தாச்சுபா! ஒரு தறிவூட்டுக்குள்ள பூந்து போவலாம், வா!" வண்டியை அடுத்த தெருவுக்குத் திருப்பி, தறியை ஒட்டி ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துப் பிடித்து நுழைந்து, பெரியவரைப் பின்பக்கமாகவே தூக்கி வந்தோம். ஆக்சிஜன் வைத்ததும் அவருக்கு நிறம் திரும்பியது. பிழைத்துக்கொண்டார், இப்போதும் நெய்கிறார்.

ஸ்டெல்லா பின்னால் அவரைக் கவனித்துக்கொண்டிருக்க, நான் கதவைச் சாத்திவிட்டு, எதிரே நின்ற சாயப்பட்டறைக்காரரிடம் ஆத்திரத்தில் கத்தினேன்.

"போடாதன்னு சொல்லியும் ஏன்யா ஜெனரேட்டரப் போட்ட? ஒரு பொண்ணு செத்திருக்கும்யா!"

அந்த மனுஷன் பயந்தேபோனார். கையில் சாயத்தோடு கும்பிட்டார்.

"நானா போடல சார். காக்கி சட்ட போட்ட ஒருத்தரு இப்பதான் வந்து சொன்னாரு. அவரு சொல்லித்தான் போட்டேன், எதுவோ வெடிச்ச சத்தம் கேட்டதும் நிறுத்திட்டேன்."

அதே நேரத்தில் அவர் எங்கள் எதிரில் நின்றுகொண்டிருந்தாரே. "இன்னா சொன்னாரு?" என்றேன்.

"'ஸ்டெல்லா தாண்டிடுச்சு, டிரைவர்தான் வர மாட்டேங்கிறான், நீ போடு'ன்னாரு. ஸ்டெல்லான்னா யாருன்னுகூட எனக்குத் தெரியாது சார்."

அன்றைக்கு நாங்கள் மழைக்கோட்டு போட்டிருந்தோம், பேர் அட்டை வெளியில் தெரியாது. நான் அவளை அங்கே ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அவள் கால் தண்ணீரைத் தொட்டதா என்று எனக்குத் தெரியாது, 'தாண்டிடுச்சு' என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். இதை நான் ஸ்டெல்லாவிடம் சொல்லவே இல்லை. இன்றைக்கும் அவளோடுதான் வேலை. நல்ல பெண், உங்கள்மேல் உயிர். ஆனால் வண்டியில் போகும்போது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டால், எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வருவதில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏதாவது பேசும்மா" என்று சொல்கிறேன். அவள் பேசுகிறவரைக்கும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருக்கிறேன்.