ஈரம் பட்ட நார்

எங்கள் கம்பெனியில் வாழைநாரைப் பரப்பி, பிசின் ஊற்றி, பேருந்து இருக்கைகளுக்கு முதுகுப் பலகை செய்தோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையே இரும்போடு மல்லுக்கட்டியபோது நாங்கள் மட்டும் நாரோடு மல்லுக்கட்டினோம். பலகையைத் துண்டுபோட்டு, இயந்திரத்தில் இழுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. நார் பரப்புவது என் அண்ணியின் வேலை. அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

அதுவரை இழுத்த துண்டுகளெல்லாம் நன்றாகவே தாங்கின. பேருந்து கட்டும் கம்பெனிக்காரர் முன்னால் பலகை தாங்கிவிட்டால் என் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொன்னார். அதை வீட்டில் சாப்பிடும்போது அண்ணி காதுபடப் பெருமையாகச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கலாம்.

அந்த நாளும் வந்தது. துண்டின் இரண்டு முனைகளையும் கவ்வவைத்து இழுத்தேன். இழுவிசையைக் காட்டும் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது, அதற்குள் துண்டு பட்டென்று முறிந்துவிட்டது. இன்னொரு துண்டை மாட்டினேன், அதுவும் அப்படியே. வந்தவர் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முறிந்த இடத்தைப் பார்த்தேன். நல்ல பலகையில் நாரும் பிசினும் சேர்ந்தே முறியும். இதிலோ நார்கள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன, ஒரு பொட்டுப் பிசின் ஒட்டவில்லை. நாரில் ஈரம் இருந்தால்தான் இப்படி உருவிக்கொண்டு வரும். ஆனால் அந்த நாரைச் சூளையில் வைத்து உலர்த்திக் கொடுத்தவனே நான். எப்படி ஈரம் வந்தது?

முறிந்த துண்டோடு நார் பரப்பும் கொட்டகைக்கு ஓடினேன். அண்ணியின் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன்.

“காஞ்ச நாரு கையில எடுத்தாலே ஒடையுது தம்பி. பூ கட்டச்சொல்ல தண்ணி தெளிச்சிக்கினுதான கட்டுவோம்? மத்த பலகைக்கெல்லாம் அவசரத்துல அப்படியே போட்டுட்டேன். இது உன் பலகையாச்சேன்னு நல்லா நனைச்சி, ஒன்னுகூட ஒடையாம பார்த்துப் பார்த்துப் போட்டேன்.”

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா, பர்மனென்ட் ஆயிட்டியா?”

துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.