எதிர் வீட்டு கிளட்ச்

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் பழைய புல்லட் இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று எதிர் வீட்டுக்காரருடையது. இருவரும் ஒரே ஃபேக்டரி, ஒரே ஷிஃப்ட். வண்டிகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வித்தியாசம் கிளட்சில்தான். அவர் இரண்டு விரலால் பிடிப்பார். நான் நாலு விரலையும் போட்டுப் பல்லைக் கடிக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் வரை போய்வந்தால் இடது கையில் டம்ளர் ஆடும்.

மண்ணூர்பேட்டை மெக்கானிக் ஒருதரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கிளட்ச் இல்ல நைனா, ஜிம்மு" என்றார். ரசித்து நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பிளேட்டை மாற்றினார், லீவரை மாற்றினார். கைவலி மட்டும் மாறவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவிக்கு புல்லட் ஓட்ட ஆசை வந்ததுதான் வினை. என் வண்டியின் கிளட்சை இரண்டு கையாலும் இழுத்தாள், பாதிகூட வரவில்லை. எதிர் வாசலில் நின்றிருந்தவர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நம்ம வண்டியில ஏறும்மா. பூ மாதிரி கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்த் தொட்டி மைதானத்தில் அவர் வண்டியில் அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத சிரிப்பு. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்துகொண்டிருந்தது.

இறங்கி வந்து சொன்னாள். "ஏங்க, அண்ணன் வண்டி எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா? நீங்கதான் ஒழுங்கா கவனிக்கிறதில்ல."

நானா கவனிக்காதவன்? வாராவாரம் பாலிஷ் போடுகிறவன் நான். அவர் நினைத்தால் பழைய பனியனால் ஒரு துடை துடைப்பார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அவர் குடும்பத்தோடு குமணன்சாவடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். வண்டி வாசலில் நின்றது. போய் அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பொறாமைக்காரன் வண்டி பார்க்கிற மாதிரி, பெண் பார்க்கப் போகிறவன்கூடப் பார்க்க மாட்டான். லீவரில் தொடங்கி கேபிள் வழியே கண்ணை ஓட்டினேன். கொடிக்கயிறு தொய்கிற மாதிரி தளர்வாக வளைந்து எஞ்சினுக்கு இறங்கியது.

திரும்பி வந்து என்னுடையதைப் பார்த்தேன். கேபிள் ஹேண்டில்பார் ஓரத்தில் முழங்கை மடங்கிய மாதிரி மடங்கியிருந்தது. மடக்கியது கயிறு.

ஆயுத பூஜைக்கு ஹேண்டில்பாரில் வாழைக்கன்று கட்டுவேன். காய்ந்ததும் கன்றைப் பிடுங்கிவிடுவேன். பூஜைக் கயிற்றை அவிழ்க்கக் கூடாது, தானாக அறுந்து விழ வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நைலான் கயிறு எந்தக் காலத்தில் அறுந்து விழும்? வருஷத்துக்கு வருஷம் அதன் மேலேயே இன்னொன்று, கேபிளையும் சேர்த்து இறுக்கி. பூஜைக் கயிறாயிற்றே என்று மெக்கானிக்கும் தொடவில்லை. எதிர் வீட்டுக்காரரோ கன்றை வண்டிமேல் சாய்த்து வைப்பதோடு சரி.

கன்னத்தில் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தேன். எல்லாம் அறுந்ததும் கேபிள் தானே நிமிர்ந்தது. லீவரைப் பிடித்தேன். இரண்டு விரல் போதுமாக இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டிதானா?" என்றாள். கிக்கர் மட்டும் நான் உதைத்துக் கொடுத்தேன். மைதானத்தில் இரண்டாவது சுற்றில் அதே சிரிப்பு வந்தது. இந்தத் தடவை என் வண்டியில்.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பினார்கள். வண்டியை நேரே அவர் வாசலுக்கு விட்டாள்.

"அண்ணே, பிடிச்சுப் பாருங்க."

அவர் பிடித்தார். விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "என்னுதவிட லேசா கீதே. இன்னா பண்ண மாமே?"

"ஒண்ணுமில்ல. கேபிளுக்குக் கொஞ்சம் ஆயில் விட்டேன்" என்றேன்.

அப்படியே நம்பிவிட்டார். கல்யாண வேட்டியைக்கூட மாற்றாமல் ஆயில் டப்பாவோடு தன் வண்டி முன் உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அது இன்னும் லேசாகிவிடுமோ என்ற கவலையோடு.