நஜாஹ் எடுத்துச் சென்ற கோப்பைகள்

என் பெரியப்பா மகள் நஜாஹ், கலிலேயாவில் எங்கள் அரபு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். அன்று காலை வேலைக்குப் போகாமல் நகரத்துக்குப் பஸ் ஏறினாள். கணவன் ஷுக்ரி அடிப்பதாகப் போலீசில் புகார் கொடுத்தாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது ரொட்டிக்கடையில் பேச்சு நின்றது. ஸலாம் சொன்னாள். எல்லோரும் அவள் செருப்பையே பார்த்தார்கள்.

நேராகப் பெரியப்பா வீட்டுக்கு வந்தாள். அவர் முற்றத்தில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா வர்றாங்க?"

"உனக்காகத்தான்." அவர் நிமிரவில்லை.

அடுப்படியில் பெரியம்மாவும் நானும் இருந்தோம். "உன் புருஷன் மட்டுந்தான் கை நீட்டினானா? எனக்கென்ன, உங்கப்பா மாலையா போட்டாரு?" என்று கேட்டபடி ஏலக்காய் தட்டிய பெரியம்மா, மகளின் வீங்கிய காதைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினாள்.

ஷுக்ரியின் குடும்பப் பெரியவர் ஹாஜ் முஃப்லிஹ் ஆட்களோடு வந்தார். எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரியான சிரிப்பு. காபியை வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்தார்கள். கேட்டு வந்தது கிடைக்கும்வரை தொடமாட்டார்கள். வீட்டுக்காரர் "குடிங்க" என்றால் கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்று பொருள்.

"புகாரை வாபஸ் வாங்கச் சொல்லு, அபூ ஹிலால். போலீசு வரும், போகும். நாமதானே இங்க கிடக்கணும்?" என்றார் ஹாஜ், பெரியப்பாவிடம். பிறகு குழைவாக, "பாவம் புள்ள. சுவரப் பாத்து நிக்க வெச்சு, பின்னாலேருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவான், திரும்பினா அடிப்பான்னு போலீசுல சொல்லிச்சாமே. விளையாட்டுக்குச் செஞ்சிருப்பான்."

அடுப்படி ஜன்னலருகே நஜாஹ் என் மணிக்கட்டைப் பற்றினாள். "இதை உங்கிட்டகூடச் சொல்லலடி." புகார் சொன்ன அறையில் போலீஸ்காரியும், நஜாஹின் அரபியை ஹீப்ருவில் மொழிபெயர்த்துச் சொன்ன ஆளும் மட்டுமே இருந்தார்களாம்.

முற்றத்தில் பெரியப்பாவின் உதடு பிரிந்தது. "குடிங்க" என்ற அந்த ஒரு சொல் வந்துவிட்டால் அவள் ஷுக்ரியிடம் திரும்பியாக வேண்டும்.

நஜாஹ் தட்டோடு வெளியே போனாள். குனிந்து, முதலில் ஹாஜின் கோப்பையை எடுத்தாள்.

"ஆறிடுச்சு, ஹாஜ். வயித்துக்கு ஆகாது."

ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்தாள். ஹாஜின் சிரிப்பு மாறவே இல்லை. "மகளை அடக்கத் தெரியலையா, அபூ ஹிலால்?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "எடுத்தது அவ. அவகிட்டயே கேளுங்க."

அவர்கள் சிரித்தபடியே எழுந்து போனார்கள். பெரியப்பா வாசற்கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

நஜாஹ் போலீசுக்குப் போன் போட்டாள். மொழிபெயர்க்க ஆள் கூப்பிடவா என்று கேட்டார்கள். "வேணாம்," என்றவள், தனக்குத் தெரிந்த உடைந்த ஹீப்ருவில் வீட்டு அடையாளம் சொல்லத் தொடங்கினாள்.

வெளியே ஒரு கார் மெதுவாக வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை.

போனை விடாமல் அவள் குரலை உயர்த்தினாள்.