அம்புஜவல்லி சுட்ட கரி

அம்புஜவல்லிக்குக் கோப்பையில் கடுகளவு கரும்புள்ளி இருந்தாலும் ஆகாது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளைக்குச் சாமான் அடுக்குவது அவள் வேலை. எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் நான் படிப்பைப் பிடித்துக்கொண்டேன், அவள் சூளையைப் பிடித்துக்கொண்டாள். இருவரில் கெட்டிக்காரி யார் என்று கேட்டால் இன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை.

2008-இல் நான் ஆராய்ச்சி மாணவி. பெண்ணாடத்துக் கரும்புச் சக்கையை யூரியாக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்து, காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்க வேண்டும். யூரியாவின் நைட்ரஜன் கொஞ்சம் கரிக்குள் ஏறிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத துளைகளும் விழும். அந்தக் கரி பேட்டரியில் மின்சாரத்தை நன்றாகச் சேமிக்கும் என்பது என் நம்பிக்கை. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆய்வுக்கூடத்து உலை படுத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் கரியைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சி இடம் போய்விடும் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். சக்கையைப் பீங்கான் குடுவையில் அடைத்து, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி, அம்புஜத்திடம் கொண்டுபோனேன்.

"காத்து உள்ள போவக்கூடாதுடி."

"நீ போ, நான் பாத்துக்கறேன்."

இரண்டு நாள் கழித்துப் போனால், முகமெல்லாம் சிரிப்பாகக் குடுவையைத் திறந்தாள். "பாரு பிரின்சி, எவ்ளோ வெள்ளையா வந்திருக்குது."

உள்ளே ஒரு பிடி சாம்பல். மூடிய சாமான் எதுவானாலும் சூளையில் வைக்குமுன் துளை போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். இல்லாவிட்டால் உள்ளே ஆவி முட்டி வெடித்துவிடும். என் குடுவை வெடித்துவிடக் கூடாதே என்று, ஒன்றுக்கு நாலாகக் களிமண்ணில் துளை போட்டிருக்கிறாள்.

நான் பட்டறை என்றும் பார்க்காமல் கத்தினேன். படிக்காதவளிடம் கொடுத்தது என் தப்பு என்றுகூடச் சொன்னேன். அவள், "இன்னும் சக்கை இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்னும் ஒரே ஒரு குடுவைக்கு இருந்தது. துளை போடுவதை அவள் விடவில்லை. வெடித்தால் சுற்றியிருக்கிற கோப்பைகளோடு அவள் வேலையும் போய்விடும். அதனால் குடுவையைப் பெரிய பானைக்குள் வைத்து, சுற்றிலும் அடுப்புக்கரித் தூளைக் கெட்டியாக அடைத்தாள். "வர்ற காத்து மொதல்ல இந்தக் கரியத் தின்னட்டும். இது தீர்றதுக்குள்ள சூளை ஆறிடும்."

மறுபடி திறந்தபோது சக்கை கன்னங்கரேலென்று கரியாகியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நன்றி சொன்னதாக நினைவில்லை.

பத்து நாள் சோதனை நடந்தது. கரி மின்சாரத்தைப் பிடித்தது, விட்டது, மறுபடியும் பிடித்தது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டதும் அம்புஜத்துக்குப் போன் செய்தேன்.

"நல்லா வந்திருக்குதுடி. உன்னாலதான் என் படிப்பு பொழைச்சுது."

"அப்போ எம்மேல கோவம் இல்லியே?" என்றாள்.

அந்தக் கோபத்தை நான் அன்றைக்கு பஸ்ஸில் வேப்பூர் தாண்டுவதற்குள் மறந்திருந்தேன். அவளோ இத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டு கோப்பை அடுக்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "சரி சரி, சூளை மூடணும். ஞாயித்துக்கெழம சாப்பிட வா," என்று போனை வைத்துவிட்டாள்.