லிஃப்ட்காரரின் தாழ்ந்த கார்

உலகத்திலேயே தாழ்வான கார் லிஃப்ட்காரருடையதுதான். அதன் அடியில் நுழைகிற எறும்பு முதுகை வளைத்துத்தான் போகவேண்டும். மண்ணுக்குள் புழு புரண்டு படுத்தால் முதலில் அந்த வண்டிக்குத்தான் தெரியும். ரோட்டில் கிடக்கும் காசின்மேல் ஏறினால் பூ விழுந்திருக்கிறதா, தலை விழுந்திருக்கிறதா என்று சீட்டே சொல்லிவிடும்.

அதன் சொந்தக்காரரோ, பகலெல்லாம் ஊராரை மேலே ஏற்றிவிடுகிறவர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் கிரீஸ் கையோடு போய் நிற்பார். இரண்டு சட்டை, ஒரு ஜோடி செருப்பு. மற்ற ஆசையெல்லாம் அந்தக் காரோடு சரி. மனைவியின் தம்பி டயர் கடையில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கம்பெனி ஸ்பிரிங் நான்கையும் கழற்றி, குட்டையாக, சிவப்பாக, கல்லு மாதிரி இருந்த வேறு ஸ்பிரிங்குகளை மாட்டினார்கள். இறக்கி வைத்தபோது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. லிஃப்ட்காரர் தள்ளி நின்று, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுல ஏறுறதுக்குத் தரையிலயே உருண்டு போயிடலாம்" என்றாள் மனைவி.

"சீட்டுல உக்காந்து உருளு. சேலை அழுக்காகாது."

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்துக்குப் பாதி, குறும்புக்கு மீதி என்று நாளைப் பங்கு போட்டு வைத்திருந்தாள். ஒருமுறை கிழவி குரலில் அப்பாவுக்கே போன் போட்டு, "ஐயா, லிஃப்ட் நின்னுபோச்சு, உள்ள பிரசவம் ஆகுது" என்று கதறினாள். அவர் டூல் பையோடு ஏழு மாடி ஏறி ஓடினார். அங்கே லிஃப்ட் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அப்புறம் முதுகுவலி வந்தது. மோட்டார் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். அது பிடிப்பு இல்லை. டாக்டர் மனைவியையும் மச்சினனையும் மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். மகளை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் கதவிடுக்கு அவளுக்குப் பழைய சிநேகிதம்.

"முதுகெலும்பு பூரா பரவிடுச்சும்மா. இனிமே வலி தெரியாம பாத்துக்கிறதுதான்."

வெளியே வந்த அம்மா, மகளின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துகொண்டாள். அவள் கையைத் தன் தலைமேல் இழுத்து வைத்தாள். "அவர்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. இருக்கிற வரைக்கும் குணமாகும்னு நம்பிட்டே இருக்கட்டும். மத்தவங்க வாயை அடைச்சிடுவேன், உன் வாயை நினைச்சாத்தான்டி பயம்."

மகள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண்ணை மூட முடியவில்லையே. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அந்தச் சிவப்பு ஸ்பிரிங் இடியை அப்படியே வாங்கி அவர் முதுகில் கொடுத்தது. அவர் கத்தமாட்டார். மேடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கையை நீட்டி ரேடியோவைக் கூட்டிவைப்பார். பாட்டுச் சத்தம் ஏறினால் மகள் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

"வாடகை வண்டி வெச்சுக்கலாம் மச்சான்" என்றான் மாமன்.

"ஏன், என் வண்டி செத்தா போச்சு? இந்த முதுகு சரியாகட்டும் மாப்ளே, பின்பக்கத்தை இன்னும் அரை இஞ்ச் இறக்கிடலாம்."

வலி தாங்காமல் அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து மாமனும் மகளும் காருக்கு அடியில் புகுந்தார்கள். பழைய கம்பெனி ஸ்பிரிங்குகள் கட்டில் அடியில் துருவேறிக் கிடந்தன. துடைத்து, ஒவ்வொன்றாக நெருக்கிப் பிடித்து மாட்டினார்கள். இருட்டுவதற்குள் முடிக்கவேண்டுமென்று கண் மண் தெரியாத வேகம். இறக்கி வைத்தால் வண்டி பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டுகிறவள் மாதிரி நின்றது. மட்கார்டுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி. மகள் கறுப்பு ரப்பர் விரிப்பை வளைவாக வெட்டி உள்பக்கமாக ஒட்டி அதை மறைத்தாள்.

"வண்டிக்குப் பொய்ப்பல்லு கட்டுறியா?"

"பேசாம பசையை எடு மாமா."

வீட்டுக்கு அழைத்துவந்த அன்று லிஃப்ட்காரர் சக்கர நாற்காலியிலிருந்து காரைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு பேர் தூக்கி முன்சீட்டில் சாய்த்தார்கள். மாமன் ஓட்டினான், மகள் பின்சீட்டில். முதல் வேகத்தடை வந்தது. அவர் கை ரேடியோவுக்குப் போனது. வண்டி தொட்டில்போல ஏறி இறங்கியது. அடியிலிருந்து மட்டும் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். இரண்டாவது மேட்டிலும் அதே முனகல். அவர் ரேடியோவை நிறுத்தினார்.

"மாப்ளே, ஓரமா போடு."

"என்ன மச்சான், வலிக்குதா?"

"சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே, அதைப் பிடிச்சிருக்கிற ஆர்ம் போல்டை இறுக்கிட்டீங்களா?"

மாமன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"வண்டி தரையில நின்னு, பாரம் உக்காந்த பிறகுதான் அதை இறுக்கணும். இல்லாட்டி உள்ள இருக்கிற ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடக்கும். அதான் அழுவுது."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் மகளுக்குப் பயமாக இருந்தது. "போலீஸ் பிடிக்கிறாங்கப்பா" என்றாள். "தாழ்ந்த வண்டிக்கெல்லாம் அபராதமாம். அதான் கொஞ்ச நாளைக்கு." பொய் சொல்லும்போது அவள் குரல் என்றுமே இடறியதில்லை. அன்றும் இடறவில்லை.

அவர் மெதுவாகக் கையைத் தூக்கி, கண்ணாடியைத் திருப்பி, அதில் அவள் முகத்தைப் பிடித்தார்.

"டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னார்?"

"எந்த டாக்டர்? எதுக்கு நாள்?"

"நான் எழுந்து வருவேன்னு இருந்தா, என் வண்டிமேல கை வைக்க உங்க ரெண்டு பேருக்கும் தைரியம் வந்திருக்காதும்மா. சொல்லு. எவ்வளவு நாள்?"