ஆறரை பஸ்ஸில் இரண்டு தட்டு

இர்ஷாத் மௌத்தாகிவிட்டார். நேற்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வேலைக்கு வெளிக்கிடும்போது நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னமே முடிந்துவிட்டது.

கல்பிட்டி - புத்தளம் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. காலை ஆறரை பஸ்ஸின் கண்டக்டர். முப்பத்திரண்டு வயது, மெல்லிய ஆள், வாயைத் திறந்தால் நக்கல்.

எனக்கு அவரைத் தெரிந்தது என் மூத்த சகோதரர் ரியாஸ் நாநாவால்தான். நாநாவுக்கு நாற்பத்தொரு வயது, ஓட்டிசம் உள்ளவர். அது ஓட்டிசம் என்று எங்களுக்குத் தெரியவந்ததே அவருடைய முப்பத்தைந்தாவது வயதில். அதுவரைக்கும் ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர்கள்... அதை இங்கே எழுதமாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் தில்லையடியில் உப்புப் பக்கெட் கட்டும் இடமொன்றில் நாநாவுக்கு வேலை கிடைத்தது. ஒரு மாதம் எங்கள் ஊர் கண்டக்குழியிலிருந்து நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்குமேல் எனக்கு லீவு இல்லை. தனியாகப் போகப் பழகினால் வேலை, இல்லாவிட்டால் பழையபடி வீடு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இவருக்கு ஓட்டிசம். தயவுசெய்து உதவி செய்யவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, லெமினேட் பண்ணி, நாநாவின் ஷேர்ட்டில் ஊசியால் குத்திவிட்டேன். பெரிய புத்திசாலி நான்.

பஸ்ஸில் இர்ஷாத் அதை வாசித்தார். பக்கத்தில் நான் இருந்தும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"நாநா, இத நீங்களா எழுதின?"

"இல்ல. தங்கச்சி."

"ஒங்களுக்கு இது வேணுமா?"

நாநா குனிந்து அட்டையைப் பார்த்தார். "வேணாம். எல்லாரும் பாக்குற. ஊசியும் குத்துது."

எனக்கு வந்த கோபம்... அன்று முழுக்க இர்ஷாத்தை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கண்டக்டருக்கு என்ன தெரியும் என்று. நாநாவுக்கு அந்த அட்டை வேண்டுமா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த சிக்கல் இறங்குவது. எங்கள் பஸ்களில் "இறக்கம்!" என்று சத்தம் போடவேண்டும். ஆனால் பாட்டும் ஹோர்னும் சேர்ந்தால் நாநாவுக்குக் கதை வராது, வாய் பூட்டிக்கொள்ளும். தனியாகப் போன முதல் நாளே தில்லையடியைத் தாண்டிப் புத்தளம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விட்டார்.

அன்று பின்னேரம் திரும்பி வரும் பஸ்ஸில் இர்ஷாத் அவரிடம் கேட்டிருக்கிறார், கதை வராட்டி வேறு எப்படிச் சொல்ல ஏலும் என்று. நாநா மோதிரத்தால் சீட் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டியிருக்கிறார்.

"சரி, ரெண்டு தட்டு. ஆனா நீங்க தட்டினாத்தான் பெல் அடிப்பன். நானாவே நிப்பாட்ட மாட்டன்."

நாநா வந்து இதைச் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுநாள் சிநேகிதியின் கறுப்பு நிகாப்பைக் கடன் வாங்கி முகத்தை மூடிக்கொண்டு, அதே பஸ்ஸில் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஓம், உண்மையாகத்தான்!

தில்லையடி நெருங்குகிறது. இர்ஷாத் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாநாவின் கை அசையவில்லை. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேவிட்டேன்...

டக். டக்.

பெல் அடித்தது. பஸ் நின்றது. இறங்குவதற்கு முன், பாட்டு முடிந்த இடைவெளியில், நாநா இர்ஷாத்திடம் பஸ்ஸுக்கே கேட்கச் சொன்னார்: "பின் சீட்டுல இருக்கிற என்ட தங்கச்சி. செருப்பு அவட. டிக்கட் எடுத்தாவா தெரியா."

பஸ்ஸே சிரித்தது. இர்ஷாத் என்னிடம் வந்தார். "ராத்தா, நாளைக்கு வராதீங்க. நாநாவால எனக்கு டென்ஷன் இல்ல, ஒங்களாலதான்."

அந்த வாரம் நாநா தானே ஒரு கார்ட் எழுதினார். பொக்கட்டில் வைத்துக்கொள்ள, தனக்கு வேண்டும்போது மட்டும் எடுக்க.

"எனக்கு ஓட்டிசம். சத்தம் கூடினால் கதை வராது. என்னைத் தொட வேண்டாம். ஜன்னல் சீட் நல்லது. இரண்டு தட்டினால் இறக்கம்."

இர்ஷாத்தும் மலக்கு இல்லை, மனிதர்தான். ஒரு பெருநாளைக்கு அடுத்த நாள் சந்தோஷத்தில் நாநாவைக் கட்டிப்பிடிக்கப் போனாராம். நாநா கார்டை எடுத்து மூன்றாவது வசனத்தில் விரலை வைத்தாராம். "சொரி நாநா, மறந்துட்டன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெருநாள் வாழ்த்துச் சொன்னாராம்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லையே... நான் இர்ஷாத்தின் மனைவியோடு வீட்டில் இருந்தேன். நாநா ஆண்களோடு போனார். அவ்வளவு கூட்டம், அழுகை, ஆளை ஆள் கட்டிப்பிடிப்பது. என் கையில் ஃபோன். நாநாவுக்குக் கோல் எடுக்கவில்லை.

நாநா எல்லாருக்கும் கடைசியாகத் திரும்பி வந்தார்.

"கூட்டம் கூட. எனக்கு ஏலாமப் போகும் எண்டு தெரியும். மதிலோரம் நிண்டன். ஒராள் கட்டிப்பிடிக்க வந்தாரு, கார்ட் காட்டினன். எல்லாரும் போன பொறகு கப்றுக்குக் கிட்டப் போய் துஆ கேட்டன்."

பிறகுதான் அழுதார். நானும்.

இன்று காலை ஆறரை பஸ். கண்டக்டர் புது ஆள். நாநா ஏறினார். நான் சந்தியில் நின்றேன், ஏறவில்லை.

சற்று முன் நாநாவிடமிருந்து மெசேஜ்:

"புது கண்டக்டர். ரெண்டு தட்டினன். அவருக்கு விளங்கல்ல. கார்ட் காட்டினன். நிப்பாட்டினார். இறங்கிட்டன்."

அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கித் தரட்டும், இர்ஷாத்.

பின் சீட்டில் இன்றைக்கு நான் இருக்கவில்லை.