மலை சுற்றியவளின் சதவீதம்

என் இடது கால் எத்தனை சதவீதம் கெட்டது என்று சர்க்கார் மூன்று முறை அளந்து எழுதிக் கொடுத்திருக்கிறது. மூன்றும் வேறு வேறு எண்கள். முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் நடுவில் காலில் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. என் அப்பா சொன்ன பதில்தான் வேறு. மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு மலை சுற்றும் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில். அப்பாவுக்கு இரண்டு காணி மேட்டு நிலம், மல்லாட்டை போடுவார், வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். மூன்று வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று, போகும்போது இடது காலையும் எடுத்துக்கொண்டு போயிற்று. ஆறு வயது வரை தரையில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தேன். அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கையைத் தொடையில் ஊன்றி, முட்டியைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டால் அந்தக் கால் என்னைத் தாங்கும். கையை எடுத்தால் மடங்கும், விழுவேன். இன்றைக்கும் என் இடது தொடையில் ஐந்து விரல் பதிந்த இடம் காய்த்துப் போயிருக்கிறது.

நான் எழுந்து நடந்தால் பௌர்ணமிதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு மலையைச் சுற்றுவதாக அப்பா வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டிக்கொண்டது அவர், சுற்றியது நான். எழுபதுகளில் இப்போது மாதிரி கூட்டம் கிடையாது. ராத்திரியில் போகிற கொஞ்ச நஞ்சக் கூட்டத்திலும் யாராவது இடித்தால் விழுந்துவிடுவேன் என்று நாங்கள் பகலில் போவோம். விடிந்ததும் வீட்டிலிருந்து கிளம்பி, குபேர லிங்கம், டவுனுக்குள் பெரிய கோயில், செங்கம் ரோடு என்று சுற்றி வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிடுவார்கள். பதினாலு கிலோமீட்டர். மற்றவர்களுக்கு மூன்றரை மணி நேரம், எனக்கு ஒரு பகல் முழுக்க. அப்பா ஒரு நாளும் என்னைத் தூக்கவில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் அவரும் உட்காருவார், எழுந்தால் எழுவார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் நான் பாயை விட்டு எழ மாட்டேன். இடுப்பிலிருந்து பாதம் வரை தீயாய் எரியும். அம்மா வெந்நீர்த் துணி போட்டு, எண்ணெய் தடவி, "இந்த மனுசன் வேண்டுதலுக்கு எம் பொண்ணு கால்தான் கெடச்சுதா" என்று திட்டிக்கொண்டே இருப்பாள். அந்த மூன்று நாளும் அப்பா நிலத்திலேயே இருப்பார். அதாவது அவர் பார்த்தது நடக்கிற என்னை, அம்மா பார்த்தது கிடக்கிற என்னை.

ஊரில் எனக்குப் பெயர் நொண்டிப் பொண்ணு. யாராவது "ஐயோ பாவம்" என்று வாயெடுத்தால் போதும், அப்பாவுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "இன்னா பாவம்? எம் பொண்ணு மலையையே சுத்தறா, தெரியுமா?" பஸ் கண்டக்டரிடம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தயங்கிய வாத்தியாரிடம் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்து, நான் நடப்பதைப் பார்த்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவர்களிடம் தெருமுனை வரை கூடவே போய்ச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் இருக்கிற வரை என்னை யாரும் முழுசாகத் தள்ளிவிட முடியாது என்று நினைத்திருந்தேன்.

பத்தாவது முடித்து, டவுனில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழும் இங்கிலீஷும் பாஸ் பண்ணினேன். கல்யாணம் இல்லை என்று ஆகிவிட்ட பிறகு எனக்கு இருந்தது ஒரே வழி, சர்க்கார் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் உடல் ஊனமுற்றோருக்கென்று சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். இன்று சட்டம் இருக்கிறது, உரிமை என்கிறார்கள், மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கென்று தனிச் சட்டம் ஏதும் கிடையாது, அரசாணைகள்தான். அந்த ஆணைகளின்படி ஊனம் என்றால் நாற்பது சதவீதம். நாற்பதும் அதற்கு மேலும் இருந்தால் நீ ஊனமுற்றவள். முப்பத்தொன்பது என்றால் நீ நல்ல உடம்புக்காரி, போய் எல்லோரோடும் வரிசையில் நில். அந்த எண்ணை ஜில்லா ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழு எழுதித் தர வேண்டும்.

டவுனில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் இடம் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது. அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். அப்பாவையும் என்னையும் உட்கார வைத்து, "டாக்டரு இன்னா கேட்டாலும் முடியாதுன்னு சொல்லும்மா. முடியும்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா பர்சன்டேஜ் போச்சு" என்றார். அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன், அதுதான் என் முட்டாள்தனம். என் மகள் நடந்தாள் என்று சாமியிடம் மாதாமாதம் காட்டிக்கொண்டிருந்த மனிதர். நடக்க முடியாது என்ற சொல் தன் வாயில் வந்தால் அது பலித்துவிடும் என்று நம்பியவர். வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் வாயிலேயே அடிப்பேன் என்பார்.

ஆஸ்பத்திரியில் ஊனத்தை அளக்கும் அறை மாடியில் இருந்தது. நம்பினால் நம்புங்கள். இருபத்திரண்டு படி, ஒரு பக்கம் கைப்பிடி உடைந்திருந்தது. கால் இல்லாதவர்கள், கோல் ஊன்றியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். மேலே நடையில் ஒருவர் தன் கட்டைக் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "போன தடவை இத்த மாட்டிக்கினு போயிட்டேன், கம்மியா போட்டுட்டாங்க" என்றார். அப்பா அவரை ஒரு மாதிரி பார்த்தார். தன் குறையை இப்படி எடுத்துக் காட்டுகிறானே என்கிற பார்வை.

உள்ளே மூன்று டாக்டர்கள். அவர்களில் பெரியவர் டேப்பால் இரண்டு காலையும் அளந்தார், தொடைச் சுற்றளவைக் குறித்துக்கொண்டார், தன் உள்ளங்கையில் என் பாதத்தை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தத்தான் முடியவில்லை. உச்சுக் கொட்டாமல், பொறுமையாகப் பார்த்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாம் முடிந்து பேனாவை எடுத்தவர், எழுதிக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ தூரம் நடப்பேம்மா?"

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து அப்பா சொன்னார். "மலையையே சுத்துவா சார்!"

"முழுசாவா?"

"முழுசா சார். பதினாலு கிலோமீட்டரு. ஒரு பௌர்ணமி தவறாது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அப்படியாம்மா?"

இல்லை என்றால் அத்தனை பேர் முன்னால் அப்பா பொய்யர் ஆவார். அது மட்டும் இல்லை. என் வாழ்நாளில் பெருமைப்பட எனக்கிருந்தது அது ஒன்றுதான். அதை என் வாயால் இல்லை என்று சொல்ல எனக்கும் வரவில்லை. "ஆமாங்க சார்" என்றேன். "வெரி குட்" என்றார், எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எவ்வளவு தூரம் என்று கேட்டவர் எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. மறுநாள் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அந்தப் படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. அம்மா வந்திருந்தால் கேட்காமலே சொல்லியிருப்பாள்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா, "எவ்ளோம்மா போட்டுக்கீறாரு?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"முப்பத்தஞ்சு."

"நல்லதுதான? கம்மியாத்தான கீது."

அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. மகளுக்கு வியாதி குறைவு என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் என்றும் பார்க்கவில்லை. "எவ்ளோ சொல்லியும் என் பொழப்புல மண்ண வாரிப் போட்டுட்டியே நைனா" என்று கத்தினேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வரும் வரை திரும்பவில்லை. ஊரில் எல்லோருக்கும் நான் நொண்டி, சர்க்காருக்கு மட்டும் இல்லை என்று நினைத்து நினைத்து நான் அழுதுகொண்டு வந்தேன். அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று.

ஒரு வருஷம் கழித்து மறுபடி குழு முன்னால் போகலாம் என்றார்கள். அந்த வருஷமும் நாங்கள் மலை சுற்றினோம், ஆனால் அப்பா வழியில் யாரிடமும் பேசவில்லை. இரண்டாவது முறை கிளம்பிய அன்று காலையில் அவர் ஊர்க் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

அதே மாடி, அதே டாக்டர். அவருக்கு எங்களை நினைவில்லை. அதே டேப், அதே கால். அதே கேள்வியைக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "நடக்க முடியாதுங்க" என்றார். டாக்டர் சரியென்று எழுதக் குனிந்துவிட்டார், அப்பா நிறுத்தவில்லை. "வீட்டோடதான் கெடக்கறா. ஒண்ணும் முடியாதுங்க." தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து என்று எழுதினார்கள். சொன்னதற்குச் சாட்சியாக அப்பா அடியில் கைநாட்டு வைத்தார்.

அந்த வருஷமே வேலை கிடைத்தது. முதல் பௌர்ணமிக்கு விடியற்காலையில் நான் குளித்துவிட்டு நின்றேன். அப்பா திண்ணையில் சாய்ந்தபடியே சொன்னார், "வேணாம்மா. முடியாதுன்னு கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டு வந்துக்கீறேன்." சாமிக்குப் பயந்தாரா, சர்க்காருக்குப் பயந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பயந்தது மொட்டைக் கடிதாசிக்கு. எங்கள் ஆபீஸிலேயே கை சூம்பிய ஒருவர் சைக்கிள் ஓட்டுகிறார் என்று யாரோ மொட்டைக் கடிதாசி போட்டு, அவரை விசாரணைக்குக் கூப்பிட்டு நாறடித்திருந்தார்கள். பதினாலு கிலோமீட்டர் நடந்தவள் என்று என்னைப் பற்றி எழுத எத்தனை பேர் இருப்பார்கள்? வழி நெடுக என்னைத் தெரிந்தவர்கள். நான் நடக்கவில்லை. ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டேன். வாசலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வாசல்.

நாலைந்து வருஷம் போயிருக்கும். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி உடம்பு இளைத்துவிட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்து உட்கார்ந்து, "ஒரே ஒரு தபா சுத்திட்டு வரலாமா கண்ணு?" என்றார்.

"யாராச்சும் பாத்துட்டா நைனா?"

"ஆமா, ஆமா" என்றார் உடனே. தப்பான ஒன்றைக் கேட்டுவிட்டவர் போல அவசரமாகத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். தை மாசம் இறந்துபோனார். அன்றைக்கு நான் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதற்கப்புறம், எண்பதுகளின் கடைசியில், ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எல்லோரும் மறுபடி குழு முன்னால் வர வேண்டும் என்று ஆபீஸில் சுற்றறிக்கை வந்தது. தனியாகப் போனேன். மாடி ஏற எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, நடுவில் ஒரு வார்டு பாய் வந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டான். நடக்காமல் வைத்திருந்த கால் குச்சியாக வற்றியிருந்தது. தொடையில் கையை ஊன்றினாலும் முட்டி நிற்கவில்லை. அக்குளில் கோல் வந்துவிட்டது. புது டாக்டர், சின்ன வயசு. அளந்து முடித்துவிட்டு, எவ்வளவு தூரம் நடப்பீங்க என்று கேட்டார்.

மலையையே சுத்துவேன் சார் என்று வாய் வரை வந்தது. அப்பா குரலிலேயே வந்தது. ஆனால் இந்தத் தடவை அது பொய்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்" என்றேன். அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.